மீண்டெழும் கடைவீதியில் ஒரு புதிய பார்: அனுமதிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தின் திட்டக் குழுவில் நீங்கள் சம்பளமில்லா உறுப்பினர். பத்தாண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்த பழைய கடைவீதியில் நான்கைந்து ஆண்டுகளாகக் கடைகள் திறக்கின்றன. மாடிகளில் குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன. இப்போது, முன்பு இரும்புக்கடையாக இருந்த கட்டடத்தில் அதிகாலை 2 மணி வரை பார் நடத்த ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். வரைபடத்தில் 99 பேருக்கு இடம், வார இறுதிகளில் இசை. கடைக்காரர்கள் வரட்டும் என்கிறார்கள். மாடியில் குடியிருப்பவர்கள் கூடாது என்கிறார்கள். அடுத்த தெருவிலுள்ள தேவாலயம் எதிர்ப்புக் கடிதம் கொடுத்திருக்கிறது. நீங்கள் மது அருந்தாதவர் என்பதால் அந்த மனச்சாய்வு வாக்கில் கலந்துவிடுமோ என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கிறது.

அனுமதிக்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் விண்ணப்பம் இப்போது இருக்கும் வடிவத்தில் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே வகை நாற்காலியில் நானும் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் போட்ட ஒரு வாக்கு இன்றும் மனத்தை உறுத்துகிறது.

ஒரு தம்பதி சிறிய ஒயின் பார் திறக்க அனுமதி கேட்டு எங்கள் குழுவுக்கு வந்தார்கள். பண்பானவர்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். சுவரில் உள்ளூர் ஓவியர்களின் படங்களை மாட்டுவோம், மெல்லிய இசைதான் இருக்கும், பத்து மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்துவிடும் என்றார்கள். பிற்பாடு தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று விண்ணப்பத்தில் மட்டும் அதிகாலை 2 மணி என்று எழுதியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் ஒருமனதாக அனுமதி கொடுத்தோம். அவர்கள் சொன்னபடியே நடத்தவும் செய்தார்கள். மூன்றாம் ஆண்டில் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் வந்து, கடையை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர் மேசைகளை அகற்றினார், ஒலிபெருக்கிகளை அடுக்கினார், விண்ணப்பத்தில் இருந்த 2 மணியைக் கடைசி நிமிடம் வரை பயன்படுத்தினார். மாடியில் ஒரு செவிலியர் இருந்தார். காலை ஐந்தரைக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர். மூன்று கூட்டங்களுக்கு வந்து எங்கள் முன்னால் நின்று பேசினார். நகர வழக்கறிஞர் அனுமதிப் பத்திரத்தை எடுத்துப் படித்தார். 'பார், அதிகாலை 2 மணி வரை' என்பதைத் தவிர அதில் எதுவுமே இல்லை. இசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பெண் வீட்டைக் காலி செய்தார். அந்த மாடி ஓராண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் அனுமதி கொடுத்தது அந்தத் தம்பதிக்கு என்று நினைத்திருந்தோம். கொடுத்தது கட்டடத்துக்கு.

இந்த ஒன்றை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்தே தெளிவாகிவிடும். ஒரு பார் திறக்க இரண்டு தனித்தனி அனுமதிகள் தேவை. ஒன்று மாநிலம் கொடுக்கும் மது உரிமம். அது உரிமையாளர் பெயரில் இருக்கும். கைமாறினால் புதியவரை மாநிலம் மறுபடி பரிசீலிக்கும். இன்னொன்று, இந்த இடத்தில் இந்தத் தொழில் நடக்கலாம் என்று உங்கள் குழு கொடுக்கும் நிலப் பயன்பாட்டு அனுமதி. இது பொதுவாக நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். கட்டடம் விற்கப்பட்டாலும், குத்தகைக்காரர் மாறினாலும் அனுமதி அங்கேயே நிற்கும். ஆகவே உங்கள் முன்னால் நின்று பேசுகிற மனிதரின் நல்ல குணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவருக்குப் பின்னால் வரக்கூடிய, நீங்கள் சந்தித்தே இராத, எல்லாரிலும் பொறுப்பற்ற ஒருவர் கையில் இதே பத்திரம் கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஆளையும் கட்டுப்படுத்தும்படி நிபந்தனைகளை எழுத முடிந்தால் அனுமதி கொடுங்கள்.

நிபந்தனை எழுதும் முன்பு, எதை எழுத உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை நகர வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1933 டிசம்பரில் அமெரிக்க அரசமைப்பின் 21-வது திருத்தம் மதுவிலக்கை நீக்கியபோது, மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் பெருமளவில் மாநிலங்களிடம் ஒப்படைத்தது. அதனால் ஐம்பது மாநிலங்களிலும் ஐம்பது வகை விதிகள். நியூயார்க்கில், 20,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில், 500 அடிக்குள் ஏற்கெனவே மூன்று கூடங்களுக்கு மது உரிமம் இருந்தால், பொதுநலனுக்கு உகந்தது என்று காட்டினால்தான் நான்காவது கிடைக்கும். கலிஃபோர்னியாவில் உரிமங்கள் மிகுந்த பகுதியில் புதிதாக ஒன்று வர வேண்டுமானால், அது பொது வசதிக்கோ தேவைக்கோ உதவும் என்று தீர்மானிக்கப்பட வேண்டும். நியூஜெர்சியில் பார் உரிமத்துக்கு 3,000 பேருக்கு ஒன்று என்று மக்கள்தொகைக் கணக்கு. சில மாநிலங்களில் விற்பனை நேரத்தை மாநிலமே முடிவு செய்துவிடும். அதில் நகரம் கை வைக்க முடியாது. அங்கே இசை, இருக்கை, வாசல், குப்பை போன்றவற்றின் வழியாகத்தான் நீங்கள் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

மது அருந்தாதவர் என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அது உங்களைத் தகுதியற்றவராக்காது. மது அருந்துகிறவர்கள் இந்த விஷயத்தில் நடுநிலையாளர்கள் என்றும் யாரும் சொல்ல முடியாது. உங்கள் வாக்குக்கான காரணம் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியம். பல மாநிலங்களில் இத்தகைய விசாரணையை நீதிமன்ற நடைமுறைக்கு நெருக்கமானதாகவே கருதுகிறார்கள். கூட்டத்தில் பதிவான ஆதாரங்களின் மீதுதான் தீர்ப்பு நிற்க வேண்டும். 'குடிகாரர்கள் வருவார்கள், தெரு கெட்டுவிடும்' என்ற பொதுவான அச்சத்தை மட்டும் வைத்து மறுத்தால், மேல்முறையீட்டில் அது நிற்பது கடினம். 'கட்டடத்தின் பின்சுவரிலிருந்து இருபது அடியில் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது, ஒலித்தடுப்பு எதுவும் விண்ணப்பத்தில் இல்லை' என்பது நிற்கும். விண்ணப்பதாரரோ எதிர்ப்பவர்களோ தனியாகப் பேச அழைத்தால் போகாதீர்கள். இடத்தைப் பார்க்கப் போனால், என்று போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்பதைக் கூட்டத்தில் சொல்லிப் பதிவாக்குங்கள்.

தேவாலயத்தின் கடிதத்தையும் இந்த வரிசையிலேயே வையுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு காலத்தில், 500 அடிக்குள் இருக்கும் தேவாலயமோ பள்ளியோ எழுதிக் கொடுத்தாலே மது உரிமத்தைத் தடுத்துவிடலாம் என்று சட்டம் இருந்தது. கேம்பிரிட்ஜ் நகரின் ஹார்வர்ட் சதுக்கத்தில் கிரெண்டல்ஸ் டென் என்ற உணவகத்துக்கு அப்படித்தான் உரிமம் மறுக்கப்பட்டது. 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசின் அதிகாரத்தை ஒரு மத அமைப்பின் கையில் கொடுக்கக் கூடாது என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தேவாலயத்தின் கருத்தை நீங்கள் மதித்துக் கேட்க வேண்டும். முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும். வழிபாட்டிடங்களிலிருந்து இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே நேரடியாக வகுத்திருந்தால் கதை வேறு. நியூயார்க்கில் அப்படி 200 அடி விதி இருக்கிறது. அதை அளந்து பார்ப்பது ஊழியர்களின் வேலை.

இனி அந்த 99 என்ற எண். உங்கள் விண்ணப்பத்தில் என் கண் முதலில் போய் நின்றது அங்கேதான். பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின்படி, உண்ணவும் அருந்தவும் கூடும் இடத்தில் 100 பேரோ அதற்கு மேலோ கணக்கு வந்தால் தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான்கள் கட்டாயம். பழைய செங்கல் கட்டடத்தில் அதைப் பொருத்துவது பெருஞ்செலவு. அதனால் வரைபடங்களில் 99 என்ற எண் அடிக்கடி வரும். அதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். மேசை நாற்காலி போட்ட இடத்துக்கு ஆளுக்கு 15 சதுர அடி, நாற்காலி மட்டும் இருந்தால் 7, நின்றுகொண்டிருக்கும் கூட்டமானால் 5. உங்கள் கட்டடத்தின் கூடம் 1,485 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். மேசைகளோடு 99 பேர். வெள்ளிக்கிழமை இரவு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டால் அதே தரை 297 பேரைத் தாங்கும் இடமாகிவிடும். தெளிப்பான் இல்லாமல், 99 பேருக்குக் கணக்கிட்ட கழிவறைகளோடு, 99 பேருக்குக் கணக்கிட்ட வாசல்களோடு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2003 பிப்ரவரி 20 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் மேற்கு வாரிக் நகரில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் பற்றி, 100 பேர் இறந்தார்கள். தெளிப்பான்கள் இல்லாத பழைய கட்டடம். பெரும்பாலோர் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடினார்கள். அதன் பிறகுதான் தெளிப்பான் கட்டாயமாகும் வரம்பு 300-லிருந்து 100-க்கு இறங்கியது. ஆகவே உங்கள் நிபந்தனையில் 'மேசை நாற்காலி அமைப்பு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி எப்போதும் இருக்க வேண்டும், அகற்றினால் புதிய அனுமதி தேவை' என்று ஒரு வரி இருக்கட்டும். தீயணைப்பு அலுவலரைக் கூட்டத்துக்கே வரச் சொல்லுங்கள். விண்ணப்பதாரர் தெளிப்பான் போடத் தயாராக இருந்தால் அது எல்லாருக்கும் நல்லது. மாடியில் உறங்குகிற குடும்பங்களுக்கு இன்னும் நல்லது. பழைய கட்டடங்களை மேம்படுத்த நகரத்திடம் உதவித்தொகைத் திட்டம் ஏதாவது இருந்தால், அதைச் செலவிட இதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஒலி. இதுபோன்ற சண்டைகளில் பாதி, டெசிபல் எண்ணை யாரும் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வருகிறது. பெரும்பாலான நகர ஒலி விதிகள் 'ஏ' வகை அளவீட்டில் எழுதப்பட்டிருக்கும். மனிதக் காது மெல்லிய ஒலிகளைக் கேட்கும் விதத்தை ஒட்டிய அளவீடு அது. தாழ்ந்த சுருதி ஒலிகளை மிகவும் குறைத்தே எண்ணும். 63 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த ஒலியில் அது 26 டெசிபலைக் கழித்துவிடும். ஆனால் பழைய கட்டடத்தின் மரத் தளத்தையும் செங்கல் சுவரையும் ஊடுருவிப் போவது அந்தத் தாழ்ந்த அதிர்வுதான். பேச்சும் பாட்டும் சுவரில் பெரும்பாலும் நின்றுவிடும். மேள அடி மட்டும் மேலே போய்க் கட்டிலை அசைக்கும். காவலர் கருவியை நீட்டிப் பார்த்தால் எண் வரம்புக்குள் இருக்கும். புகார் செய்தவர் பொய் சொல்கிறார் என்று தோன்றும். அந்தச் செவிலியருக்கு நடந்தது இதுதான். 'சி' வகை அளவீடு அதே 63 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபல்கூடக் கழிப்பதில்லை. உங்கள் நிபந்தனையில் இரண்டு அளவீடுகளையும் கேளுங்கள். அளக்க வேண்டிய இடம் தெருவில் அல்ல, மாடி வீட்டின் படுக்கையறைக்குள் என்று எழுதுங்கள். ஒலிப் பொறியாளரின் அறிக்கையை அனுமதிக்கு முன்பே வாங்குங்கள். ஒலிபெருக்கிகளைத் தளத்திலும் சுவரிலும் நேரடியாகப் பொருத்தாமல் அதிர்வு தாங்கிகளில் வைப்பது, உச்ச ஒலி அளவைப் பூட்டி வைக்கும் கருவியை இணைப்பது ஆகியவை கட்டும்போதே செய்தால் எளிது. திறந்த பிறகு என்றால் சண்டை.

தெருவில் எழும் ஒலி வேறு வகை. உள்ளே புகைபிடிக்கத் தடை வந்த பிறகு, கலிஃபோர்னியாவின் பார்களில் 1998 முதலும் நியூயார்க்கில் 2003 முதலும், புகைபிடிப்பவர்கள் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். நல்ல விதிதான், ஆனால் அதன் ஓசை வீதிக்கு வந்தது. நள்ளிரவில் பத்துப் பேர் நின்று சிரித்துப் பேசினால் எந்தச் சுவரும் காப்பாற்றாது. அவர்கள் எங்கே நிற்பார்கள் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். பின்சந்து வேண்டாம், அங்கேதான் ஜன்னல்கள் இருக்கின்றன. கண்ணாடிப் புட்டிகளைக் குப்பைத் தொட்டியில் கொட்டும் சத்தமும் அப்படித்தான். இரவு பத்து மணிக்குப் பிறகும் காலை எட்டுக்கு முன்பும் கூடாது என்று ஒரே வரியில் தீர்த்துவிடலாம்.

மூடும் நேரத்தைப் பற்றி நம்மிடம் கணிசமான ஆய்வு இருக்கிறது. அது ஒரே திசையையே காட்டுகிறது. நார்வேயின் 18 நகரங்களில் நடந்த ஆய்வில், மூடும் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் வார இறுதி இரவுகளில் காவல்துறைக்கு வரும் தாக்குதல் வழக்குகள் ஏறக்குறைய 16 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008-இல், அதிகாலை 5 மணி வரை திறந்திருந்த பார்களை மூன்று, மூன்றரைக்குள் மூட வைத்தார்கள். தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. ஆனால் சிட்னியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014 பிப்ரவரியில் நகர மையத்தில் அதிகாலை 1.30-க்கு மேல் புதிதாக யாரையும் உள்ளே விடக் கூடாது, 3 மணிக்கு மேல் மது கூடாது என்று விதித்தார்கள். வன்முறை குறைந்தது. கூடவே பல இசைக் கூடங்களும் இரவுத் தொழில்களும் நலிந்தன. 2020 ஜனவரியில் கிங்ஸ் கிராஸ் என்ற இரவுக் கேளிக்கைப் பகுதி தவிர்த்த மையப் பகுதியிலும், 2021-இல் கிங்ஸ் கிராஸிலும் அந்த விதியை விலக்கினார்கள். ஒரு பகுதி முழுவதையும் ஒரே வெட்டில் நிறுத்துவது அப்படி முடியலாம். நீங்கள் தீர்மானிக்கப்போவது ஒரே ஒரு கூடத்தை. அதுவும் இன்னும் திறக்காத கூடம். தொடக்கத்தில் வார நாள்களில் 11 மணி, வெள்ளி சனியில் நள்ளிரவு 12 மணி என்று வையுங்கள். ஓராண்டு ஒழுங்காக நடந்தால் நீட்டிக்கக் கேட்டு வரட்டும். கொடுத்த நேரத்தைப் பிடுங்குவது மிகக் கடினம்; பிறகு கூட்டிக் கொடுப்பது எளிது.

கடைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆறு மணிக்குக் கதவுகள் அடைபட்டு இருண்டுபோகும் வீதியில் யாரும் நடக்க விரும்ப மாட்டார்கள். விளக்கு எரியும் ஒரு கூடம், உள்ளே மனிதர்கள், கண்ணாடி வழியே தெருவைப் பார்க்கும் கண்கள், இவை ஒரு பெண் தனியாகத் தன் வண்டி வரை நடந்து போகத் தைரியம் தரும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நண்பரைப் பார்க்க ஓர் இடம் இல்லாத ஊர் எவ்வளவு வெறுமையானது என்பதை, அப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மது அருந்தாதவர்களும் அங்கே போய் உட்கார்ந்து பேசுகிறார்கள். முதல் பார் இந்த நன்மையைத் தரும். இரண்டாவதும் தரலாம்.

ஏழாவது தராது. அமெரிக்காவின் சமூகத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, மதுக் கடைகளின் நெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது தீங்குகளைக் குறைக்கும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பரிந்துரைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. பல கூடங்கள் சேர்ந்து உண்டாக்கும் விளைவை மதிப்பிட்டு, ஒரு பகுதி நிறைந்துவிட்டது என்று உள்ளாட்சி அறிவித்தால், அடுத்து வருகிறவர் தன் கூடம் நிலைமையை மோசமாக்காது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். வன்முறையைத் தாண்டி வாடகை என்ற காரணமும் உண்டு. மது விற்கும் கூடத்தில் லாப வீதம் அதிகம். அதனால் புத்தகக் கடையோ தையற்கடையோ தர முடியாத வாடகையை அது தரும். கட்டட உரிமையாளர்கள் அந்த எண்ணைக் கண்டுவிட்டால், அடுத்த குத்தகை முடியும்போது பக்கத்துக் கடைக்கும் அதையே கேட்பார்கள். பகலில் உயிரோடிருந்த கதவுகள் ஒவ்வொன்றாக மாலை ஐந்துக்குத் திறக்கும் கதவுகளாகிவிடும். இருட்டிய வீதியில் தொடங்கி, பகலெல்லாம் அடைந்து கிடக்கும் வீதியில் போய் நிற்கலாம். இன்று பார் வேண்டும் என்று கையெழுத்திட்டிருக்கும் கடைக்காரர்களில் சிலர் அந்த வாடகை உயர்வில் முதலில் வெளியேற நேரலாம். இதை அவர்களிடம் யாராவது அன்போடு சொல்ல வேண்டும்.

ஆகவே இந்த ஒரு விண்ணப்பத்தோடு, வீதி முழுவதற்கும் ஓர் எல்லையை வகுக்க நகர மன்றத்துக்குப் பரிந்துரை எழுதுங்கள். ஒரு தெருப்பகுதிக்கு எத்தனை கூடங்கள், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று இருக்கட்டும். முதல் பார் வரும்போதே இதைச் செய்வது எளிது. ஐந்தாவது வந்த பிறகு, அந்த ஐந்து பேரும் வழக்கறிஞரோடு வருவார்கள். இந்தக் கூடத்துக்கும், முன்பக்கக் கண்ணாடியை மறைக்கக் கூடாது, பகலில் சில மணி நேரமாவது காப்பியோ உணவோ கொடுத்துத் திறந்திருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

வாகன நிறுத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அலுவலகங்கள் மூடிய பிறகு உங்கள் மையத்தில் இடம் காலியாகத்தான் இருக்கும். வீடு திரும்புவது எப்படி என்பதே கேள்வி. வண்டி ஓட்டுகிறவரின் இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 சதவீதம் என்பது அநேகமாக எல்லா மாநிலங்களிலும் சட்ட வரம்பு, யூட்டாவில் 0.05. பேருந்து எட்டு மணிக்கே நின்றுவிடும் ஊர் என்றால், வாடகைக் கார் வந்து நிற்க முன்வாசலருகே ஓர் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். காரை இரவு அங்கேயே விட்டுவிட்டுக் காலையில் எடுத்துப் போகிறவருக்கு அபராதச் சீட்டு ஒட்டும் விதி உங்கள் ஊரில் இருந்தால் அதை மாற்றுங்கள். அந்தச் சீட்டுக்குப் பயந்தே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாடியில் இருப்பவர்களுக்கும் பாருக்கும் இடையே யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்வியும் எழும். இசைக் கூடம் முன்பே இருக்கும் இடத்தில் புதிதாகக் குடியிருப்பு கட்டுகிறவர் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2014-இலும் சான் ஃபிரான்சிஸ்கோவில் 2015-இலும் இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையில் 2018-இலும் இடம்பெற்றது. மாற்றத்தைக் கொண்டுவருகிறவரே அதன் சுமையைத் தாங்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் வீதியில் குடும்பங்கள் முன்பே இருக்கிறார்கள், பார்தான் புதிது. ஆகவே ஒலித்தடுப்பு விண்ணப்பதாரரின் பொறுப்பு. இதே நியாயம் நாளைக்கு அவருக்கும் பாதுகாப்பாகும். பக்கத்து மாடியில் ஐந்தாண்டு கழித்து வீடுகள் கட்டுகிறவர், இருக்கிற பாரின் மேல் பழி போட முடியாது. இதை விண்ணப்பதாரரிடம் எடுத்துச் சொன்னால், நிபந்தனைகளை அவர் தண்டனையாகப் பார்க்க மாட்டார்.

நிபந்தனைகள் அளக்கக் கூடியவையாக இருக்கட்டும். 'அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் நடத்த வேண்டும்' என்ற வாக்கியம் எந்த விசாரணையிலும் நிற்காது. மணி, எண், இடம், பொறுப்பாளரின் பெயர் ஆகியவை நிற்கும். இரவு பத்துக்குப் பிறகு தொலைபேசியை எடுக்கும் மேலாளர் ஒருவர் பணியில் இருக்க வேண்டும், அந்த எண் மாடிவாசிகளிடம் இருக்க வேண்டும். மது பரிமாறுவோர் அனைவரும் பொறுப்பான பரிமாறலுக்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் உங்கள் குழுவின் முன் மறுபரிசீலனை. அதற்கு முன்பு அந்த முகவரிக்கு வந்த காவல்துறை அழைப்புகளின் பட்டியல், மணி வாரியாக. உரிமையாளர் மாறினால் முப்பது நாளுக்குள் புதியவர் நிபந்தனைகளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். நாங்கள் அன்று இந்தக் கடைசி வரியையும் இசை பற்றிய வரியையும் எழுதியிருந்தால், அந்தப் பெண் இன்றும் அந்த மாடியில் இருந்திருப்பார்.

கூட்டத்துக்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு அந்த இரும்புக்கடை வாசலில் போய் நில்லுங்கள். பின்சந்துக்கும் போங்கள். எந்த ஜன்னலில் விளக்கு அணைந்திருக்கிறது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி எங்கே திரும்பும் என்று பாருங்கள். ஊழியர் அறிக்கையில் இவை இருக்காது.

பிறகு கூட்டத்தில் விண்ணப்பதாரரிடம் நேராகக் கேளுங்கள்: ஒலிப் பொறியாளரின் அறிக்கை, நிலையான மேசை அமைப்பு, ஓராண்டுக்கு நள்ளிரவுக்குள் மூடல், உரிமையாளர் மாறினால் கையெழுத்து. இந்த நான்கையும் ஏற்றால் ஆதரித்து வாக்களியுங்கள்; மாடியில் இருப்பவர்களிடம் போய் ஏன் ஆதரித்தேன் என்று நீங்களே விளக்குங்கள். அறிக்கை தயாரிக்க நேரம் கேட்டால் ஒத்திவையுங்கள். ஒரு மாதத் தாமதத்தால் அந்த வீதி மறுபடி பாழாகிவிடாது. 'என்னை நம்புங்கள், அதெல்லாம் தேவைப்படாது' என்று சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எதிர்த்து வாக்களியுங்கள்.